கர்ப்ப ஸ்திரீகளும் ஆகாய விமானப் பிரயாணமும்

முதல் பிள்ளையைத் தாய் வீட்டில்தான் பெறவேண்டும் என்கின்ற வழக்கம் நமது நாட்டில் வெகுகாலமாய் இருந்து வருகின்றது. பெண்ணை அடுத்த ஊரிலோ அடுத்த தாலுக்காவிலோ கொடுத்து வந்த காலத்தில் இதனால் பெரிய தொல்லை ஒன்றும் ஏற்பட்டதில்லை. மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, ஜமக்காளத்தை விரித்து, பெண்ணை உட்கார வைத்து, மெள்ள ஓட்டச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் தாய் வீடு வந்து சேர்ந்துவிடும். மலாய் நாட்டிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர்கள்கூட, 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா போன்ற கப்பல்களில் ஒரு வாரம் மிதந்து நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கினார்கள்.

இன்றோ நமது பெண்மக்கள் துபாயிலும், லண்டனிலும், அமெரிக்காவிலும் குடித்தனம் செய்கின்றார்கள். புருஷனோடு போனவர்கள் உண்டு. தாங்களே படித்து உத்தியோகம் பார்க்கப் போனவர்களும் ஏராளம். துபாயிலிருந்து சென்னைக்கு ஆகாய விமானத்தில் நாலு மணி நேரம்; லண்டனிலிருந்து பத்து மணி நேரத்துக்கு மேல்; அமெரிக்காவிலிருந்து நடுவில் இறங்கி வேறு விமானம் ஏறுவதையும் சேர்த்தால் இருபது மணி நேரத்துக்கு மேல். வண்டி மாறிவிட்டது, தூரம் மாறிவிட்டது. ஆனால் வழக்கம் மாத்திரம் மாறவில்லை. அதற்கு நாள் குறித்துக் கொடுக்கின்ற பஞ்சாங்கமும் மாறவில்லை. நிறைமாதத்தை நெருங்கிய ஒரு பெண் எப்போது விமானம் ஏறலாம், எப்போது கூடாது, அதை எதைக் கொண்டு, யார் தீர்மானிப்பது என்கின்ற விஷயத்தைப் பற்றியே இங்கு சில வார்த்தைகள் எழுத எண்ணுகின்றோம்.

முதலாவதாக, கர்ப்பஸ்திரீ விமானத்தில் ஏறினாலே கரு கலைந்துவிடும் என்று பயமுறுத்துகின்றவர்களைப் பற்றிச் சொல்லிவிடுவோம். இவர்களுக்கு வைத்திய சாஸ்திரம் கொஞ்சமும் இடங்கொடுப்பதில்லை. வேறு கோளாறு எதுவும் இல்லாத கர்ப்பிணி எப்போதாவது ஒருமுறை விமானத்தில் போய் வருவதால் கெடுதி இல்லை என்பதே அமெரிக்க மகப்பேறு, மகளிர் வைத்தியர் காலேஜார் 2018-ல் வெளியிட்ட அபிப்பிராயமாகும். விமானம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றை அடைத்து வைத்திருப்பதால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி வரையுள்ள மலைமேல் இருப்பதற்குச் சமானம். நமது உதகமண்டலம் சுமார் 7,300 அடி உயரத்தில் இருக்கின்றது. அங்குள்ள பெண்கள் பிள்ளை பெறாமலா இருக்கின்றார்கள்? அன்றியும், கருவிலுள்ள சிசுவின் இரத்தம் பெரியவர்களுடைய இரத்தத்தைவிடப் பிராணவாயுவை அதிகமாய்ப் பிடித்து வைத்துக் கொள்ளுகின்ற தன்மையுள்ளது. ஆகவே தாயின் இரத்தத்தில் அது சற்றுக் குறைந்தாலும், தாய் ஆரோக்கியமாய் இருந்தால், சிசுவுக்குக் குறைவு வருவதில்லை.

ஆகாயத்திலிருந்து வருகின்ற கதிர்களைப் பற்றியும் சிலர் பயப்படுகின்றார்கள். ஒரு நீண்ட பிரயாணத்தில் படுகின்ற கதிர்கள், கருவிலுள்ள சிசுவுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கின்ற வரம்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மாதக்கணக்கில் ஓயாமல் பறந்து திரிகின்ற விமானச் சிப்பந்திகளுக்குத்தான் அந்தக் கணக்கு முக்கியமேயொழிய, பிரசவத்துக்கு வருகின்ற பெண்ணுக்கு அல்ல. விமான நிலையத்தில் நுழைந்து போகச் சொல்லுகின்ற சோதனை வளையமும் காந்த சக்தியால் உலோகத்தைக் கண்டுபிடிக்கின்ற கருவிதான். அதற்கும் எக்ஸ்ரேக்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் ஆபத்தே இல்லையா என்றால், இருக்கின்றது. அது வேறு இடத்தில் இருக்கின்றது. முதல் ஆபத்து, பிரசவ வேதனை விமானத்திலேயே கண்டுவிடுவது. விமானம் பறப்பதால் வேதனை வருவதில்லை; வருகின்ற நாள் நெருங்கிவிட்டதால் வருகின்றது. உலகத்தில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு குழந்தை 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகின்றது. 2020-ம் வருஷத்தில் மாத்திரம் அப்படிப் பிறந்தவை சுமார் 1 கோடியே 34 லட்சம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லுகின்றது. நடுக்கடலுக்கு மேல் பறக்கும்போது இரத்தப் போக்கு ஏற்பட்டால் அங்கே இரத்தம் கொடுக்க வழி ஏது? குறைமாதக் குழந்தையை வைக்கக் கருவி ஏது? சத்திர சிகிச்சைக்கு அறை ஏது? சில கடல் வழிகளில், இறங்கத்தக்க விமான நிலையம் இரண்டு மூன்று மணி நேரப் பறப்புத் தூரத்தில் இருப்பதும் உண்டு. பிரசவித்த பெண்ணுக்கு இரத்தப் போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய காலம் என்பதை எந்த மருத்துவச்சியைக் கேட்டாலும் சொல்லுவார்.

விமானத்தில் பிள்ளை பெற்றதைப் பத்திரிகைகள் ஒரு வேடிக்கைச் செய்தியாகப் போட்டு, சிப்பந்திகள் குழந்தையை ஏந்தி நிற்கும் படத்தையும் போட்டுவிடுகின்றன. அந்தக் குழந்தைக்கு ஆயுள் முழுவதும் இலவச டிக்கட் என்றும் கதை கட்டிவிடுகின்றார்கள். ஏதோ ஒரு கம்பெனி எப்போதோ விளம்பரத்துக்காகக் கொடுத்திருக்கலாம். அப்படி ஒரு விதி கிடையாது. 1929 முதல் 2018 வரை வெளியான செய்திகளைத் திரட்டிப் பார்த்த வைத்தியர்கள் 73 பிரயாணங்களில் 74 குழந்தைகள் பிறந்திருப்பதாகவும், அவற்றில் 71 பிழைத்ததாகவும் எழுதியிருக்கின்றார்கள். எண்ணிக்கை சொற்பந்தான். ஆனால் அந்தச் சொற்பத்தில் தன் பெண்ணும் ஒருத்தியாய் இருக்கவேண்டும் என்று எந்தத் தாய் ஆசைப்படுவாள்?

இரண்டாவது ஆபத்து, காலில் இரத்தம் கட்டிக் கொள்ளுவது. கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் தன்மை இயற்கையாகவே அதிகப்படுகின்றது. மற்றப் பெண்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு இந்த பயம் நாலைந்து மடங்கு அதிகம். நாலு மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி அசையாமல் உட்கார்ந்திருந்தால் இன்னும் கூடும். கட்டிய இரத்தம் நகர்ந்து மார்புக்குப் போனால் உயிருக்கே முடிவு. இது பிரசவத்தோடும் தீர்ந்து போவதில்லை. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை இந்த பயம் உண்டு. ஆகையால் கைக்குழந்தையோடு அவசரப்பட்டுத் திரும்பிப் பறப்பவர்களும் இதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, சில பெண்கள் எந்த வாரத்திலும் விமானம் ஏறாமல் இருப்பதே நல்லது. நஞ்சு கீழே இறங்கி வழியை அடைத்திருப்பவர்கள், சமீபத்தில் இரத்தப் போக்குக் கண்டவர்கள், இரத்தக் கொதிப்பு ஏறிக் கை கால் முகம் வீங்கியவர்கள், கடுமையான சோகையுள்ளவர்கள், முன்பே குறைமாதத்தில் பிரசவித்தவர்கள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் டிக்கட் வாங்குவது தற்கொலைக்குச் சமானமாகும்.

இவைகளையெல்லாம் உத்தேசித்துத்தான் வைத்தியர்களும் விமானக் கம்பெனிகளும் வாரக் கணக்கு ஒன்று வைத்திருக்கின்றார்கள். ஒற்றைப் பிள்ளையானால் பெரும்பாலான கம்பெனிகள் 36 வாரம் வரைதான் ஏற்றுகின்றன. லண்டனிலுள்ள மகப்பேறு வைத்தியர்களின் ராயல் காலேஜார் 37 வாரத்தோடு நிறுத்திவிடச் சொல்லுகின்றார்கள். இரட்டைப் பிள்ளையானால் 32 வாரத்தோடு சரி. 28 வாரம் ஆனதிலிருந்தே பல கம்பெனிகள் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்கின்றன. கடைசியாக மாதவிடாய் ஆன முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் என்பது இந்தக் கணக்கு. அதையும் முதல் மூன்று மாதத்திற்குள் ஸ்கேன் எடுத்துச் சரிபார்த்துக் கொண்டால் தவறு வருவது அபூர்வம்.

நிற்க, நம் வீடுகளில் நடக்கின்ற கணக்கைப் பார்ப்போம். நம்மவர்கள் வாரம் எண்ணுவதில்லை, மாதம் எண்ணுகின்றார்கள். அதிலும் சிலர் கடைசியாய்க் குளித்த தேதியிலிருந்து எண்ணுகின்றார்கள். சிலர் தள்ளிப்போன மாதத்திலிருந்து எண்ணுகின்றார்கள். இரண்டுக்கும் நாலு வார வித்தியாசம். இதன்மேல் ஒற்றைப்படை மாதம்தான் சுபம் என்று வேறு ஒரு விதி. ஐந்து, ஏழு, ஒன்பதில் வளைகாப்புச் செய்யலாம், பெண்ணை அழைத்து வரலாம். ஆறும் எட்டும் ஆகாது. எட்டாம் மாதம் வாசற்படி தாண்டினால் தோஷம். ஏழாம் மாதத்தில் லீவு கிடைக்கவில்லை, அல்லது நல்ல நாள் அமையவில்லை என்றால் என்ன செய்கின்றார்கள்? எட்டு போகட்டும், ஒன்பது பிறந்ததும் அழைத்துக் கொள்ளுவோம் என்று சொல்லிவிடுகின்றார்கள்.

இதை வாசகர்கள் கொஞ்சம் பென்சிலும் காகிதமும் எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டுகின்றோம். இங்கிலீஷ் மாதக் கணக்கில், எட்டு மாதம் நிறைந்து ஒன்பதாம் மாதம் பிறக்கின்றபோது ஏறக்குறைய 35 வாரம் ஆகிவிடுகின்றது. கம்பெனிக்காரன் கதவைச் சாத்த இன்னும் ஒரே வாரந்தான் பாக்கி! அந்த ஒரு வாரத்திற்குள் அமாவாசை போகவேண்டும். அஷ்டமி, நவமி போகவேண்டும். மரண யோகம் போகவேண்டும். பெண்ணுக்குச் சந்திராஷ்டமம் போகவேண்டும். தள்ளிப்போன மாதத்திலிருந்து எண்ணுகின்ற வீடாயிருந்தால், அவர்களுடைய ஒன்பதாம் மாதம் பிறக்கும்போது 39 வாரம் ஆகிப் பிள்ளையும் பிறக்கின்ற சமயம் வந்துவிடும். ஆகவே, எட்டாம் மாதத்தில் அபாயம் என்று சொல்லிக் குறைந்த அபாயமுள்ள வாரங்களையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கழித்துவிட்டு, சுபம் என்று சொல்லி அதிக அபாயமுள்ள வாரத்தில் பெண்ணை ஆகாயத்தில் ஏற்றி அனுப்புவதுதான் இந்தச் சாஸ்திரத்தின் பலனாகின்றது. தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது என்று சொல்லப்படுகின்ற ஒரு விதி அவர்களையே ஆபத்தில் கொண்டுபோய் விடுமானால், அதை இன்னும் விதி என்று மதிப்பதில் என்ன அர்த்தமிருக்கின்றது என்று கேட்கின்றோம்.

ராகு காலத்தின் யோக்கியதையையும் பாருங்கள். திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். சென்னையில் அந்த நேரமாயிருக்கும்போது நியூயார்க்கில் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை இராத்திரி. அந்த ஊர் ஞாயிற்றுக்கிழமைக்குரிய ராகு காலமோ மாலை ஆறு மணிக்கே தீர்ந்து போயிருக்கும். ராகு உலகத்துக்கு ஒருவனா, ஊருக்கு ஒருவனா? சூலம் பார்ப்பதும் அப்படியே. திங்களும் சனியும் கிழக்கே சூலம், தயிர் சாப்பிட்டால் நிவர்த்தி. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம், வெல்லம் சாப்பிட்டால் நிவர்த்தி என்கின்றார்கள். சான்பிரான்சிஸ்கோவில் ஏறுகின்ற பெண் கிழக்கே பறந்து ஐரோப்பா வழியாகவும் சென்னைக்கு வரலாம். மேற்கே பறந்து சிங்கப்பூர் வழியாகவும் வரலாம். போகின்ற இடம் ஒன்றே. திக்கு மாத்திரம் இரண்டு. அந்தப் பெண்ணுக்குத் தயிர் கொடுப்பதா, வெல்லம் கொடுப்பதா? மாட்டு வண்டிக்காரன் கூட இந்நேரம் சிரித்துவிடுவான்.

கொரோனா நோயினால் வெளிநாட்டுப் போக்குவரத்து நின்றுபோய், 2020 மே மாதம் 7-ந் தேதி முதல் இந்திய சர்க்கார் தனி விமானங்களை விட்டு ஜனங்களை அழைத்து வந்தபோது, கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை கொடுக்கப்பட்டது. என்றைக்கு இடம் கிடைத்ததோ அன்றைக்குத்தான் ஏற முடிந்தது. விமானம் கிளம்புகின்ற நேரத்தைச் சர்க்கார் குறித்தார்கள், பஞ்சாங்கம் குறிக்கவில்லை. அவசியம் வந்தபோது விட்டுவிட முடிந்ததை அவசியமில்லாதபோது கட்டிக்கொண்டு அழுவானேன்?

இன்னும் ஒரு சங்கதி. நாள் கடந்து போனவர்களில் சிலர், தளர்த்தியான உடையை உடுத்தி, வயிற்றை மறைத்து, கேட்டால் முப்பது வாரம் என்று பொய் சொல்லி ஏறிவிடுகின்றார்கள். தெரிந்த டாக்டரிடம், பெண்ணைப் பார்க்காமலேயே சர்ட்டிபிகேட் வாங்குகின்றவர்களும் உண்டு. கம்பெனிக்காரனை ஏமாற்றிவிட்டதாக இவர்கள் சந்தோஷப்படுகின்றார்கள். கம்பெனிக்காரனுக்கு என்ன நஷ்டம்? அவன் வேறு ஊரில் விமானத்தை இறக்கிவிட்டுத் தன் வழியே போய்விடுவான். முகமறியாத தேசத்தில், பாஷை தெரியாத ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தையோடு கிடந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கையை விரித்துவிட்ட பிறகு திண்டாடுவது யார்? ஏமாறுவது அந்தப் பெண்ணும் அவள் பிள்ளையுமேயாகும்.

இது இவ்வாறிருக்க, பெண்கள் ஏன் இவ்வளவு தாமதித்துப் புறப்படுகின்றார்கள் என்பதையும் நியாயமாய்ப் பார்க்கவேண்டும். பஞ்சாங்கம் ஒரு காரணம். பணம் மற்றொரு காரணம். இந்தியாவில் சட்டப்படி, அதற்கு உட்பட்ட தொழில் ஸ்தலங்களில், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. அமெரிக்காவிலோ, 1993-ல் ஏற்பட்ட மத்திய சட்டம் கொடுப்பது சம்பளமில்லாத 12 வாரந்தான். லீவில் ஒரு வாரத்தைப் பிரசவத்துக்கு முன் செலவு செய்தால் பிள்ளையோடு இருக்கும் நாளில் ஒரு வாரம் குறைந்து போகின்றது. ஆகவே வயிற்றைச் சுமந்துகொண்டு கடைசி நாள் வரை வேலைக்குப் போய்விட்டு விமானத்துக்கு ஓடுகின்றார்கள். இதற்கு அந்தப் பெண்களைக் குறை கூறுவது அக்கிரமம். பிள்ளை பெறுவதைப் பெண்ணின் சொந்தச் செலவாக வைத்திருக்கின்ற சமுதாயத்தின் குற்றம் அது.

அந்தச் செலவை நம்மவர்கள் பங்கு போடுகின்ற விதத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தலைப்பிரசவச் செலவு பெண் வீட்டாருடையது என்பது நம்முடைய வழக்கம். அயல்நாட்டில் கை நிறையச் சம்பாதிக்கின்ற மாப்பிள்ளையும், அங்கே ஆஸ்பத்திரிச் செலவு அதிகம் என்று சொல்லிப் பெண்சாதியை மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றார். பிள்ளை தன் குலத்துக்கு வேண்டும். அதைப் பெறுகின்ற செலவும் ஆபத்தும் மாத்திரம் அடுத்தவர்களுக்கு வேண்டும் என்றால் இது எந்த நியாயம்?

தாய் வீடு என்று சொல்லுகின்றோமே, அது கட்டிடமா, தாயா? பிரசவ சமயத்தில் பெண்ணுக்கு வேண்டியது தாயின் துணையும் கைச் சோறுமேயல்லாமல் அந்தச் சுவர்கள் அல்ல. அப்படியிருக்க, 34 வாரக் கர்ப்பிணியை இருபது மணி நேரம் உட்கார வைத்து அழைத்து வருவதைவிட, திடமாயிருக்கின்ற தாயார் அங்கே போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவது எவ்வளவோ மேல். விசாவும் செலவும் இடையூறுகள் என்பதை நாம் அறிவோம். இடங்கொடுக்கின்ற குடும்பங்களிலும்கூட, சம்பந்தி வீட்டில் போய்ச் சோறு தின்பதா என்கின்ற போலிக் கௌரவமும், புருஷனுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டுமே என்கின்ற கவலையும் அல்லவா தாயாரைத் தடுக்கின்றன? மூன்று மாதம் தன் சோற்றைத் தானே ஆக்கிக் கொள்ளத் தெரியாத புருஷன்மார்கள் இனியாவது கற்றுக் கொள்ளட்டும்.

வரத்தான் வேண்டும் என்று பெண்ணே தீர்மானித்தால், 28 வாரத்தையொட்டி, எப்படியும் 32 வாரத்துக்குள் வந்துவிடுவது நல்லது. வைத்தியச் சீட்டுகள் எல்லாவற்றையும் கையிலுள்ள பையில் வைத்துக் கொள்ளவேண்டும். நடைபாதை ஓரமாய் இடம் கேட்டு வாங்கவேண்டும். மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவேண்டும்; உட்கார்ந்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் அசைக்கவேண்டும். தண்ணீர் தாராளமாய்க் குடிக்கவேண்டும். டாக்டர் சொன்னால் காலை இறுக்கிப் பிடிக்கும் மேஜோடு போட்டுக் கொள்ளலாம். பெல்ட்டை வயிற்றின்மேல் மாட்டாமல், வயிற்றுக்குக் கீழே தொடையோரமாய் இடுப்பில் மாட்டவேண்டும். இறங்கிய பிறகு ஒரு கால் மாத்திரம் வீங்கினாலும், வலித்தாலும், மூச்சுத் திணறினாலும் திருஷ்டி கழித்துக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

முடிவாக, தீர்மானிக்கின்றவர் யார் என்பதற்கு வருவோம். மாமியாரா, ஜோசியரா, மாப்பிள்ளையா? கம்பெனிக்காரனும் ஒரு சமயம் எல்லை கடந்து போய்விடுகின்றான். 2019 நவம்பரில் ஹாங்காங்கிலிருந்து சைப்பன் தீவுக்குப் போக வந்த ஒரு பெண்மணியை, தான் கர்ப்பமில்லை என்று தெரிவித்த பிறகும், ஒரு விமானக் கம்பெனி பரிசோதனைக்கு உட்படுத்திவிட்டுப் பின்னால் மன்னிப்புக் கேட்டுக் கொண்டது. இவர்கள் எல்லோருமே பெண்ணின் வயிற்றைத் தங்கள் அதிகாரத்துக்குட்பட்ட நிலமாக நினைக்கின்றார்கள். வைத்தியர் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். குடும்பத்தார் உதவி செய்யட்டும். போவதா, இருப்பதா, எப்போது போவது என்பதைச் சுமக்கின்றவளே முடிவு செய்யட்டும்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பெண் வெளிநாட்டில் கருவுற்றிருக்கின்றாள் என்று சேதி வந்ததும் பஞ்சாங்கத்தை எடுக்காதீர்கள். எத்தனை வாரம் என்று கேளுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். உனக்கு என்ன இஷ்டம் என்று அந்தப் பெண்ணைக் கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் நாலாவதாக ஜோசியனைக் கேட்க ஒன்றும் பாக்கியிருக்காது.